மழைக்கு முன்னால் ஒரு நோட்டு: நிவாரண வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது நாங்கள் நான்கு நண்பர்கள் ஒரு குட்டியானை வண்டியை வாடகைக்குப் பிடித்து, இருநூறு பாக்கெட் பிரெட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். எங்கே போகிறோம் என்று எங்களுக்கே தெரியாது. அடையாற்றங்கரையில் ஒரு குடியிருப்பைப் பார்த்து நிறுத்தினோம். ஒரு பாட்டி பாக்கெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காலையிலேர்ந்து இது நாலாவது வண்டிப்பா. எல்லாரும் பிரெட்டுதான் தர்றீங்க. குடிக்கத் தண்ணி இருக்கா?" என்றார். எங்களிடம் இருந்தது எங்களுக்காக வைத்திருந்த இரண்டு பாட்டில். அதைக் கொடுத்துவிட்டு, மீதி பிரெட்டை யாரிடம் தள்ளிவிடுவது என்று சாயங்காலம் வரை அலைந்தோம்.

அதற்குப் பிறகு தென்சென்னையில் ஒரு சிறிய அறக்கட்டளையில் சேர்ந்து, ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் ஏதோ ஒரு வேலையில் இருந்திருக்கிறேன். தன்னார்வலராக வர நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. அவற்றுக்கான பதிலைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

வெயில் காலத்திலேயே போய்ச் சேருங்கள்

வெள்ளம் வந்தபிறகு வருகிறவர்களுக்கு மூட்டை தூக்கும் வேலை மட்டுமே மிஞ்சும். அதுவும் தேவைதான். ஆனால் ஜூனிலோ ஜூலையிலோ வந்தால் வேறு வேலை பழகலாம்.

அந்த மாதங்களில் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். படகும் இருக்காது, லைஃப் ஜாக்கெட்டும் இருக்காது. மாலை நேரப் படிப்பு மையத்தில் முப்பது பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து அறையில் தையல் வகுப்பு. மாதம் ஒருமுறை கண் பரிசோதனை முகாம். தனியாக இருக்கும் முதியவர்கள் சிலருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பார்கள். "இதுக்கும் வெள்ளத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நானும் கேட்டிருக்கிறேன்.

சம்பந்தம் இருக்கிறது. படிப்பு மையத்தில் பாடம் எடுக்கும் பெண்ணுக்கு அந்தத் தெருவில் எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் நடக்க முடியாத தாத்தா, யார் வீட்டு வாசல் முதலில் முழுகும் என்பதெல்லாம் தெரியும். சாப்பாடு கொண்டுபோகிறவருக்கு எந்தப் பாட்டி சர்க்கரைக்கு ஊசி போடுகிறார் என்று தெரியும். மழை நாளில் இந்தத் தகவலைத் தேடிப் போக முடியாது. ஆகவே ஏதாவது ஒரு வாராந்திர வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கணக்குப் பாடம் எடுத்தாலும் போதும்.

சேருமுன் அமைப்பைப் பற்றி இரண்டு விஷயம் கேளுங்கள். முதலாவது, எப்படிப் பதிவு செய்திருக்கிறார்கள்? அறக்கட்டளைப் பத்திரமா, 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படியா, கம்பெனிச் சட்டம் 8-ஆம் பிரிவின் கீழா? எதுவானாலும் சரி, ஒன்று இருக்க வேண்டும். இரண்டாவது, போன வருஷ ஆடிட் அறிக்கையைப் பார்க்கலாமா? இந்தக் கேள்விக்குக் கோப்பை எடுத்து நீட்டினால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

நோட்டு

எங்கள் அலுவலகத்தில் ஒரு நீண்ட கோடு போட்ட நோட்டு இருக்கிறது. கணினியிலும் ஏற்றியிருக்கிறோம், ஆனால் கரண்ட் போன மூன்றாம் நாள் கையில் நிற்பது நோட்டுதான். உங்களுடைய முதல் உருப்படியான வேலை இதில் ஒரு தெருவை எழுதுவது.

வீட்டுக்கு ஒரு வரி. குடும்பத் தலைவி பெயர், ஆள் எண்ணிக்கை, ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை பேர், கர்ப்பிணி உண்டா, தினமும் மாத்திரை எடுப்பவர் யார், வீடு தரையா மாடியா, கூரை ஓடா கீற்றா தளமா. கடைசியாக, தண்ணீர் ஏறினால் யார் வீட்டுக்குப் போவார்கள். இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "எங்கேயும் போக மாட்டோம்" என்பவர்கள்தான் நமக்கு முக்கியம்.

ரேஷன் அட்டையை வைத்துப் பட்டியல் போடாதீர்கள். அது சுலபம், அதனாலேயே ஆபத்து. அட்டை இல்லாதவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள்: வாடகைக்கு வந்த வெளிமாவட்டக் குடும்பங்கள், கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத்தவர், ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கும் இருளர் குடும்பங்கள். செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஏரி நிரம்பும்போது முதலில் நனைகிறவர்கள் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிகம் இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பொருள் வந்தது. ஆனால் பல கடலோர ஊர்களில் மீனவர் பஞ்சாயத்து வழியாகவே எல்லாம் பிரிக்கப்பட்டதால், அதே கரையில் கூலி வேலை செய்த தலித் குடும்பங்களும், உப்பங்கழியில் இறால் தடவும் இருளர்களும் விடுபட்டுப்போனார்கள். படகும் வலையும் இழந்தவர் கணக்கில் வந்தார். அந்தப் படகில் வரும் மீனைக் கூடையில் வாங்கி விற்ற பெண் வரவில்லை. பஞ்சாயத்து கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஊர் ஒற்றுமையாக இருந்ததால்தான் அவ்வளவு வேகமாகப் பொருள் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஊர்ப் பெரியவர் தரும் பட்டியலை வாங்கிக்கொண்டு, "தெரு முடியிற இடத்துக்கு அப்பால யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, நீங்களே ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

அக்டோபருக்குள் செய்து முடிக்க வேண்டியவை

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில அளவில் 1070, ஆம்புலன்ஸ் 108, குழந்தைகள் உதவிக்கு 1098. இவற்றைப் போனில் மட்டும் அல்ல, படிப்பு மையச் சுவரிலும் எழுதுங்கள். உங்கள் பகுதி கிராம நிர்வாக அலுவலர், வார்டு கவுன்சிலர், காவல் நிலையம் ஆகிய மூன்று இடத்திலும் முகம் காட்டிவிட்டு வாருங்கள். வெள்ள நாளில் முதன்முதலாகப் போய் அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஆளை யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

பொருளைக் குவித்து வைக்க வேண்டாம். அரிசி வண்டு பிடிக்கும். தார்ப்பாய், கயிறு, டார்ச், வாளி, பாய், பிளீச்சிங் பவுடர் இவை மட்டும் கொஞ்சம் இருப்பில் இருக்கட்டும். மளிகைக்கு மொத்த வியாபாரி ஒருவரிடம் முன்பே பேசி, "சொன்ன அன்னைக்கு முன்னூறு செட் தர முடியுமா, விலை ஏத்த மாட்டீங்களே?" என்று வாய்வார்த்தை வாங்கி வைத்தால் போதும்.

வீடு வீடாகப் போய், ஆதார், ரேஷன் அட்டை, பட்டா, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஒரு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள். உறை பத்து ரூபாய்தான். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

தண்ணீர் ஏறும் நாள்

மீட்பு உங்கள் வேலை இல்லை. இதைப் புதியவர்களிடம் சொன்னால் வருத்தப்படுவார்கள். 2015-ல் சென்னைத் தெருக்களில் ஆட்களைக் காப்பாற்றியவர்களில் பலர் மீனவர்கள். தண்ணீரின் இழுப்பு கைகளுக்குத் தெரிந்தவர்கள் அவர்கள். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வருகிறது. நாம் நடுவே போய் விழுந்தால் நம்மையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கும். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருக்கும் தெருவில் இறங்காதீர்கள். இறங்க வேண்டியிருந்தால் கையில் கம்பு இருக்கட்டும். மூடி போன பாதாளச் சாக்கடைக் குழி மேலிருந்து பார்த்தால் தெரியாது. அறுந்த ஒயர் எங்கே கிடந்தாலும் மின்வாரியத்துக்குச் சொல்லும்வரை அந்தப் பக்கம் யாரையும் விடாதீர்கள். காலில் புண் இருந்தால் அன்றைக்கு அலுவலக வேலை. எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் ஏறும்.

உங்கள் வேலை போன். நோட்டைத் திறந்து, ஒவ்வொரு தெருவிலும் ஒருவரைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். தண்ணீர் எது வரை? குடிக்க இருக்கிறதா? மருந்து தீர்ந்தவர் யார்? பதில்களை நேரம் போட்டு எழுதுங்கள். சாயங்காலம் மறுபடி கூப்பிடுங்கள். காலையில் தேவைப்பட்டது மாலையில் வேறு யாராவது கொடுத்து முடிந்திருக்கும்.

முதல் இரண்டு நாள் அடுப்பு எரியாது. அரிசி கொடுத்துப் பிரயோஜனம் இல்லை, சமைத்த சோறுதான். புளிசாதமும் எலுமிச்சை சாதமும் தாங்கும். சாம்பார் சாதமும் தேங்காய் சாதமும் காலையில் கட்டினால் சாயங்காலம் ஊசிப்போய்விடும். பொட்டலம் கட்டிய நேரத்தை மூட்டை மேல் மார்க்கர் பேனாவில் எழுதுங்கள். ஆறு மணி நேரம் தாண்டினால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு குப்பையில் போடுங்கள். வெள்ளத்தில் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் அந்தக் குடும்பத்துக்கு நாம் செய்த உதவியை விடக் கெடுதல் அதிகம். இதே காரணத்தால்தான் கைக்குழந்தைகளுக்கான பால் பவுடரைக் கண்டபடி கொடுக்கக் கூடாது. கலக்கச் சுத்தமான தண்ணீர் இருக்காது. தாய்ப்பால் கொடுக்கிறவருக்கு நல்ல சாப்பாடும் மறைவாக உட்கார ஓர் இடமும் கிடைத்தால் அதுவே பெரிது.

முதல் சோறு போடுகிறவர் அநேகமாகப் பக்கத்து ஊர்க்காரராகத்தான் இருப்பார். 2023 டிசம்பர் 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான பயணிகள் நகர முடியாமல் நின்றபோது, பக்கத்தில் இருந்த புதுக்குடி மக்கள்தான் சமைத்துப் போட்டார்கள். அவர்கள் ஊரும் வெள்ளத்தில்தான் இருந்தது. அந்த மாதிரி ஊர் கிடைத்தால் வெளியிலிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர்களுக்கு அரிசியும் கேஸ் சிலிண்டரும் அனுப்புங்கள்.

பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ முகாம் என்றால், நிவாரண அமைப்புகள் உலகளவில் பின்பற்றும் ஸ்ஃபியர் கையேடு சொல்லும் கணக்குகளை மனதில் வையுங்கள்: ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, படுக்க ஆளுக்கு 3.5 சதுர மீட்டர். நம் ஊர் முகாமில் இது எட்டாது. ஆனாலும் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தால்தான் வட்டாட்சியர் அலுவலகத்தில் எண்ணைச் சொல்லிக் கேட்க முடியும். கழிப்பறைப் பக்கம் விளக்கு எரிகிறதா என்பதை ராத்திரி ஒரு பெண் தன்னார்வலர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். விளக்கு இல்லாவிட்டால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

பொட்டலம்

தண்ணீர் வடிந்து அடுப்பு பற்ற ஆரம்பித்தபின் மளிகைப் பை. நாலு பேர் வீட்டுக்கு 5 கிலோ அரிசி, 1 கிலோ துவரம்பருப்பு, 1 லிட்டர் எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், புளி, சர்க்கரை, டீத்தூள், தீப்பெட்டி. டீத்தூளைச் செலவு மிச்சம் என்று எடுத்துவிடாதீர்கள். சகதியைக் கழுவி முடித்து உட்கார்ந்த மனுஷருக்கு ஒரு டம்ளர் டீ என்னவென்று கழுவியவருக்குத்தான் தெரியும். மொத்த எடை பத்து கிலோவுக்குள் இருக்கட்டும், வயதான ஒருவர் தானே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

கட்டும்போது வரிசையாக மேஜை போட்டு ஆளுக்கு ஒரு பொருள். கடைசியில் ஒரு தராசு. பத்தில் ஒரு பையை நிறுத்துப் பாருங்கள், பருப்பு விடுபட்டிருந்தால் எடையே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு பை தனியாக: நைட்டி, லுங்கி, புது உள்ளாடை, சானிட்டரி நாப்கின், சோப்பு, கொசுவத்தி, போர்வை. நாப்கினை மளிகையோடு சேர்க்காமல், பெண்கள் கையால் பெண்கள் கையில் கொடுங்கள்.

பழைய துணி வேண்டாம். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தின் சாலையோரங்களில் பழைய துணி மலைமலையாகக் கிடந்து மழையில் நனைந்து மட்கியது. கிழிந்த சட்டை, ஒற்றைச் செருப்பு, மலைநாட்டு ஸ்வெட்டர். வீட்டை ஒழித்தவருக்குத் திருப்தி, வாங்கியவருக்கு அவமானம், அகற்றியதோ உள்ளாட்சி ஊழியர்கள். "எங்க வீட்ல நல்ல துணி நிறைய இருக்கு" என்று போன் வந்தால், "ரொம்ப சந்தோஷம், அதுக்குப் பதிலா ரெண்டு புது லுங்கி வாங்கித் தர்றீங்களா?" என்று கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பேரிடருக்கும் தேவை வேறு. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது டெல்டாவில் தண்ணீர் வெள்ளமாக நிற்கவில்லை. காற்றுதான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. தென்னை சாய்ந்தது, கூரை பறந்தது, மின்கம்பங்கள் வரிசையாக விழுந்தன. கரண்ட் இல்லாததால் மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் ஓடவில்லை. அங்கே தேவைப்பட்டது தார்ப்பாய், மரம் அறுக்கும் இயந்திரம், வண்டியில் ஏற்றிய ஜெனரேட்டர். ஜெனரேட்டரோடு ஊருக்குள் போனால் தொட்டி நிரம்பியது, கூடவே எல்லார் போனும் சார்ஜ் ஆனது. அப்போதும் பலர் பிரெட் கொண்டுபோனார்கள்.

கொடுக்கும் நாள்

முந்தின நாளே டோக்கன் கொடுங்கள், நோட்டில் இருக்கும் வரிசை எண்ணோடு. மெயின் ரோட்டில் வண்டியை நிறுத்திக் கொடுக்க ஆரம்பித்தால் உள்ளே தள்ளி இருக்கும் ஊர்களுக்கு எதுவும் போய்ச் சேராது; கஜாவில் திரும்பத் திரும்ப நடந்தது இதுதான். வழியில் வண்டியை மறிப்பவர்களைத் திருடர்கள் என்று நினைக்காதீர்கள், அவர்களுக்கும் இரண்டு நாளாகச் சோறில்லை. ஆனால் இருபது பை தனியாக வைத்துக்கொண்டு போனால் பேச வழி இருக்கும்.

நுழைய ஒரு வழி, வெளியே போக ஒரு வழி இருக்கும் இடமாகப் பாருங்கள். ஒரே வாசல் உள்ள மண்டபத்தில் கூட்டம் சேர்ந்தால் நெரிசலில் ஆள் விழும். இருட்டுவதற்குள் முடியுங்கள். முதியவர், மாற்றுத்திறனாளி, கர்ப்பிணிகளுக்கு வரிசையே வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்குத்தான் நோட்டில் அவர்களை எழுதியது.

போட்டோ விஷயத்தில் எங்கள் அலுவலகத்தில் இன்னும் சண்டை இருக்கிறது. கொடையாளருக்குப் படம் வேண்டும். என் கட்சி இது: பையை அடுக்கிவைத்த படம், வண்டி படம், தன்னார்வலர் படம் போதும். வாங்குகிறவர் முகம் வேண்டாம். நேற்று வரை டியூஷனுக்குப் பணம் கட்டிய குடும்பம் இன்றைக்கு வரிசையில் நிற்கிறது. அந்தப் படத்தை நாளைக்கு அவர்கள் பிள்ளையின் வகுப்புத் தோழன் பார்ப்பான். பையில் பெரிய ஸ்டிக்கரும் வேண்டாம். 2015-ல் நிவாரணப் பொருளில் ஸ்டிக்கர் ஒட்டிய கதையை ஊர் இன்னும் மறக்கவில்லை.

பணம்

உங்கள் சொந்த ஜிபே எண்ணைப் போட்டு நிதி திரட்டாதீர்கள். எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும் மூன்றாம் நாள் கணக்குக் குழம்பும், ஆறாம் நாள் யாராவது கேள்வி கேட்பார்கள். அமைப்பின் வங்கிக் கணக்கு, அமைப்பின் ரசீது, அவ்வளவுதான். நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை (80ஜி என்று சொல்வது) கேட்பவர்கள் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடைக்காது என்பதை வாங்குமுன்பே சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில்தான் நல்ல மனதோடு பலர் சிக்கிக்கொள்கிறார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உங்கள் அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அங்கே குடியுரிமை வாங்கிவிட்டிருந்தால் ஆகும். அப்போது அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருக்க வேண்டும். பணம் புதுதில்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கென்று வைத்த கணக்கில்தான் வர வேண்டும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. பதிவு இல்லாத அமைப்பு என்றால் "வேண்டாம்" என்று சொல்வதுதான் வழி. வருத்தப்படுவார்கள், பரவாயில்லை.

துண்டுச்சீட்டு பில்லாக இருந்தாலும் வாங்கி, அன்றன்று இரவு ஒட்டிவிடுங்கள். வண்டி டீசல், டிரைவர் சாப்பாடு, கயிறு, எல்லாம் செலவுதான். அதை மறைத்து "நூறு சதம் மக்களுக்கே" என்று சொல்கிற அமைப்பை நான் நம்புவதில்லை.

மூன்றாம் வாரம்

டிவி வேறு செய்திக்குப் போய்விடும். தன்னார்வலர் குழுவில் இருநூறு பேர் இருந்தது பதினைந்தாகும். உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் சகதி. மம்பட்டி, துடைப்பம், பினாயில், பிளீச்சிங் பவுடர், ரப்பர் கையுறையோடு ஒரு வீட்டுக்கு நான்கு பேர் போனால் அரை நாளில் முடியும். அடுத்து காகிதம். பெரிய வெள்ளங்களுக்குப் பிறகு தொலைந்த சான்றிதழ்களுக்கு அரசு சிறப்பு முகாம் நடத்துவது வழக்கம். 2015-லும் 2023-லும் நடந்தது. விண்ணப்பம் நிரப்பிக்கொடுக்க ஒரு மேஜையும் இரண்டு பேனாவும் போட்டு வாசலில் உட்காருங்கள். அரசு நிவாரணத் தொகைக்கும் இதே மேஜை உதவும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு ரேஷன் கடை வழியாக 6,000 ரூபாய் கொடுத்தபோது, டோக்கன் வராதவர்களுக்கு எங்கே எழுதிக் கொடுப்பது என்று தெரியவில்லை. எங்கள் ஆட்கள் நாலு நாள் அதை மட்டுமே செய்தார்கள்.

பிறகு தொழில். "என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள், சங்கடத்தில் "எதுவும் வேணாம்" என்பார்கள். "வேலைக்கு எதை வச்சிருந்தீங்க, அது இப்ப எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். தையல் மெஷினின் மோட்டார் போயிருக்கும். இஸ்திரி வண்டியின் சக்கரம் உளுத்திருக்கும். இட்லிக் கடைக்காரம்மாவின் கிரைண்டர் தண்ணீரில் கிடந்திருக்கும். மோட்டாரைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. மெக்கானிக் ஒருவரைத் தெருவில் உட்காரவைத்தால் பாதி மெஷின் ஓடிவிடும். எங்களுக்குக் கிடைத்த நன்கொடையில் மிக நன்றாகச் செலவானது என்று நான் நினைப்பது அந்த மெக்கானிக்கின் மூன்று நாள் கூலி.

பிள்ளைகளுக்குப் படிப்பு மையத்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் திறங்கள். சுவர் ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை, மொட்டை மாடியில் நடத்துங்கள். புத்தகம் பள்ளியில் மறுபடி தருவார்கள், நோட்டும் ஜியாமெட்ரி பாக்ஸும் நாம்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நீண்ட நோட்டோடு மறுபடி தெருவில் நடக்க வேண்டும். சில வரிகளை அடிக்க வேண்டியிருக்கும். 2015-க்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்து அரசு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டபோது எங்கள் நோட்டில் இரண்டு பக்கம் முழுக்க அடிபட்டது. அவர்களைப் பின்தொடர்ந்து போய்ப் புது முகவரியில் எழுத எங்களுக்கு ஒரு வருஷம் ஆனது. 2023 டிசம்பரில் பெரும்பாக்கத்திலும் தண்ணீர் நின்றது. அந்தக் காலையில் கூப்பிட எண் இருந்தது.